வடிவுக்காவைக் கேட்டால் தெரியும்

1

இந்தக் கதைக்கு மூலம் நான் செய்த ஒரு தப்பு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறாம் பகுதியில் வந்து ஒப்புக்கொண்டால் ஏதோ உத்தி என்று நினைத்துக்கொள்வீர்கள். உத்தியெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு கம்பெனியில் எல்லோருக்கும் சட்டென்று கிடைக்க வேண்டிய ஐந்து பக்கங்களை, வேண்டுமென்றே யாருக்கும் கிடைக்காத இடத்தில் வைத்தேன். ஒரு பெண்மணிக்கு நல்லது செய்வதாக நினைப்பு.

என் பெயர் சண்முகப்பிரியா. ஊர் பழனி. நான்கு வருடமாக இருப்பது கொடைக்கானல் நாயுடுபுரத்தில், ஒரு மாடி அறையில், தனியாக. என் வேலை என்னவென்று சொந்தக்காரர்கள் யாருக்கும் இதுவரை என்னால் விளக்க முடிந்ததில்லை. உங்களிடம் முயன்று பார்க்கிறேன். ஒரு கம்பெனி தன் ஊழியர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி ஒரு இணையதளம் கட்ட நினைக்கும். இன்ட்ராநெட் என்பார்கள். லீவு எடுக்க எந்தப் படிவம், லாரி எத்தனை மணிக்கு, தராசு கெட்டுப்போனால் யாரிடம் சொல்வது என்று எல்லாம் அதில் இருக்கும். கட்டுவதற்கு முன்னால், எது எதற்குள் இருக்க வேண்டும், எதற்கு என்ன பெயர் என்று ஒரு ஆள் உட்கார்ந்து யோசித்தாக வேண்டும். அந்த ஆள் நான். விசிட்டிங் கார்டில் ‘தகவல் கட்டமைப்பு’ என்று போட்டிருக்கிறேன். பெரியப்பா அதைப் படித்துவிட்டு, கொத்தனார் வேலையா என்று கேட்டார். [ஏறக்குறைய அதுதான்.]

2

கதையை முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

“ஏரியின்மேல் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், வடிவு தன் சால்வையை இழுத்துப் போர்த்தியபடி—”

அடித்துவிட்டேன். கொடைக்கானல் என்றால் உடனே பனியை இறக்கிவிட வேண்டுமா? அதுவும் போக, வடிவுக்கா சால்வை போர்த்துகிற ஆள் இல்லை. ஆம்பளைகள் போடுகிற பச்சை ஸ்வெட்டர்தான். முழங்கையில் நூல் பிரிந்திருக்கும்.

இரண்டாவது ஆரம்பம்: “ஒரு நிறுவனத்தின் அறிவு எங்கே தங்குகிறது என்ற கேள்வியை நாம்—”

இதைப் படித்து நானே கொட்டாவி விட்டேன்.

மூன்றாவது: “போன் அடித்தது.” இது இருக்கட்டும். இந்தக் கதையில் பணயம் வைத்திருப்பது அதைத்தான். வடிவுக்காவுக்குப் போன் வருமா, வராதா? வேறெதையும் தேடி அலைய வேண்டாம்.

போன் அடித்தது. நான் அந்தக் கம்பெனிக்குப் போன முதல் நாள், காலை பதினோரு மணி. மேல்மலைக் காய்கறிகளை வாங்கி வெளியூருக்கு அனுப்புகிற கம்பெனி அது. கவுஞ்சியில் விவசாயிகளிடம் எடை போட்டு வாங்குகிற கொட்டகை, கொடைக்கானலில் ஆபீஸ், கீழே பழனியில் தரம் பிரித்துக் கட்டுகிற ஷெட். மூன்று இடத்திலுமாக அறுபது பேர். கவுஞ்சிக்காரர்கள் பழனிக்காரர்களைப் பார்த்ததே இல்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஆள் வடிவுக்கா. பத்தொன்பது வருடமாக ஆபீசில் ரெக்கார்டு அசிஸ்டென்ட்.

கவுஞ்சி கொட்டகையைப் பார்த்துக்கொள்கிற அழகுமலைதான் அன்றைக்குக் கூப்பிட்டது. மூட்டை ஏற்ற வந்த லாரி வழியிலேயே நின்றுவிட்டதாம். வடிவுக்கா பதறவில்லை. எந்த வளைவு என்று கேட்டார். டிரைவர் சாப்பிட்டாரா என்று கேட்டார். பிறகு நான்கு பேருக்குப் போன் போட்டார். ஒருவரிடம் அவர் மகள் பரீட்சையை விசாரித்தார், இன்னொருவரை நன்றாக வைதார். ஏழு நிமிடத்தில் பூம்பாறையிலிருந்து ஒரு வண்டி கிளம்பிவிட்டது. போனை வைத்தபோது அவர் முகம் சிவந்து, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது.

எனக்குப் பொறாமையாக இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த ஒரே அழைப்பு ஒரு பேங்க் விளம்பரம்.

3

அடுத்தது முதலாளி குமாரவேல். இரண்டாவது வரைவில் இவரை வில்லனாக்கிப் பார்த்தேன். கையில் மோதிரமெல்லாம் மாட்டிவிட்டேன். ஒட்டவில்லை. நிஜத்தில் அவர் எல்லோரையும் ‘வாங்க போங்க’ என்று பேசுகிற, அல்சருக்குப் பயந்து மோர் மட்டும் குடிக்கிற மனிதர். அவர் என்னிடம் சொன்னதிலும் தப்பில்லை.

“வடிவு ஒரு நாள் வரலைன்னா கம்பெனிக்கே கண்ணு தெரிய மாட்டேங்குது மேடம். அவங்களுக்கும் வயசாகுதுல்ல. அவங்க தலைக்குள்ள இருக்கறதை வெளிய எடுத்து வச்சிருங்க.”

இது நியாயமா இல்லையா? நியாயம்தான். வில்லன் இல்லாத கதையை எழுதுவது சிரமம். பழியைப் போட வேறு ஆள் கிடைக்காததால் கடைசியில் அது என்மேலேயே வந்து விழுந்தது.

என் வேலைமுறை இது. ஊழியர்களுக்குத் தேவைப்படும் விஷயங்களை ஒவ்வொன்றாகச் சின்ன அட்டைகளில் எழுதிக்கொள்வேன். இந்தக் கம்பெனிக்குத் தொண்ணூற்றாறு அட்டைகள் வந்தன. அவற்றை ஒருவர் முன்னால் பரப்பி, எதெல்லாம் சேர்ந்தது என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதையெல்லாம் சேர்த்து அடுக்குங்கள், அடுக்குக்கு நீங்களே பெயர் வையுங்கள் என்பேன். அவர்கள் அடுக்குகிற விதத்திலேயே இணையதளத்தைக் கட்ட வேண்டும். முதலாளி அடுக்குகிற விதத்தில் கட்டினால் முதலாளி மட்டும்தான் அதைத் திறப்பார்.

கவுஞ்சியில் அழகுமலை அட்டைகளை இரண்டே அடுக்காகப் பிரித்தார். மேலே நடக்கிறது, கீழே நடக்கிறது. சாக்கு, தராசு, மழை, விதை எல்லாம் மேலே. லீவு, சம்பளம், திட்டு வாங்குவது எல்லாம் கீழே. பழனி ஷெட் சூப்பர்வைசர் ஞானவேலும் இரண்டே அடுக்கு வைத்தார், ஆனால் வேறு மாதிரி. பூசத்துக்கு முந்தி, பூசத்துக்குப் பிந்தி. தைப்பூசத்துக்கு ரோடு முழுக்கப் பாதயாத்திரைக்காரர்கள் நடக்கும்போது லாரி எப்படிப் போகும்? அவர் வருடமே அதை வைத்துத்தான் ஓடுகிறது. இரண்டையும் சிரிக்காமல் குறித்துக்கொண்டேன்.

கூடவே ஒரு தாள் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு விஷயத்துக்கும் நேராக, இது தெரியவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேள்வி. அறுபது பேரில் ஐம்பத்துமூன்று பேர் ஏதாவது ஒரு வரியில் ஒரே பதிலை எழுதியிருந்தார்கள். சிலர் எல்லா வரியிலும். வடிவுக்காவைக் கேட்டால் தெரியும்.

4

வடிவுக்காவிடம் அட்டைகளைக் கடைசியாகத்தான் கொடுத்தேன். மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. அவர் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தார். நடுவில் மூன்று போன் வேறு பேசினார். பார்த்தால், தராசு ரிப்பேரும் திருமண முன்பணமும் ஒரே அடுக்கில் இருக்கின்றன. என்னக்கா கணக்கு இது என்று கேட்டேன்.

“இது அழகுமலை கேக்கறது. இது பழனி ஞானவேல். இந்த ஒத்தை அட்டை இருக்கு பாருங்க, லீவ் பேலன்ஸ், அது முருகேஸ்வரி. வீட்ல சண்டைன்னா எனக்குப் போன் போட்டு லீவ் எத்தனை இருக்குன்னு கேப்பா. எடுக்க மாட்டா. சும்மா கேப்பா.”

அவர் விஷயத்தை வைத்து அடுக்கவில்லை. கூப்பிடுகிற ஆளை வைத்து அடுக்கியிருந்தார். பதினேழு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன், இப்படி ஒருவர் அடுக்கி நான் பார்த்ததில்லை. இதை வைத்து இணையதளம் கட்ட முடியாது. முருகேஸ்வரி என்று ஒரு மெனு போட முடியுமா?

மேஜையின் ஓரத்தில் தனியாக ஒன்பது அட்டைகள் கிடந்தன. இது யார் கேட்பது என்றேன். அதெல்லாம் தனக்கே தேவைப்படுகிறது என்றும், யாரைக் கேட்பதென்று தெரியாததால் தள்ளி வைத்ததாகவும் சொன்னார். மருத்துவக் காப்பீடு, ஓய்வுக்குப் பிறகு என்ன, கண் பரிசோதனை முகாம், இந்த மாதிரி. சொல்லிவிட்டு அடுத்த போனை எடுத்துவிட்டார்.

5

[வடிவுக்காவின் குடும்ப விவரத்தை எங்கே வைப்பது என்று மூன்று நாளாகக் குழப்பம். கதையின் ஆரம்பத்தில் வைத்தால் அழுகைக் கதை ஆகிவிடும். கடைசியில் வைத்தால் வஞ்சகம். இங்கேயே வைக்கிறேன். கணவர் இறந்து ஒன்பது வருடம். பிள்ளைகள் இல்லை. அண்ணன் வத்தலக்குண்டில் இருக்கிறார், பேச்சுவார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாய் திறந்தால் குரல் கரகரவென்று வருகிறது என்று ஒருமுறை அவரே சொன்னார், திங்கள்கிழமை காலையில்தான் சரியாகுமாம்.]

பழைய படிவங்களையெல்லாம் வாங்கிச் சரிபார்ப்பதும் என் வேலைதான். ஊழியர் விவரப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: அவசரம் என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும்? எல்லோரும் மனைவி, அண்ணன், பக்கத்து வீடு என்று எண்கள் கொடுத்திருந்தார்கள். வடிவுக்காவின் படிவத்திலும் ஒரு எண் இருந்தது. எங்கோ பார்த்த எண். ஆபீஸ் லேண்ட்லைன்.

அவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். ஆபீஸ் நம்பர் என்றால் யாராவது எடுப்பார்கள் இல்லையா என்றார்.

“யாருக்கா எடுப்பாங்க?”

யோசித்தார். அந்தப் போன் அவர் மேஜையில்தான் இருக்கிறது. அவர் வராத நாளில் அது அடித்து அடித்து ஓய்ந்துபோகும். கணவர் போனதிலிருந்து ஒன்பது வருடமாக அந்தக் கட்டத்தில் அந்த எண் இருக்கிறது. அவருக்கு அது தோன்றவே இல்லை. தோன்றியதும் சிரித்தார். நன்றாக, ஸ்வெட்டர் குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் அந்தக் கம்பெனி அதே படிவத்தைக் கொடுத்திருந்தது. அந்தக் கட்டத்தில் நான் யார் எண்ணை எழுதினேன் என்று இந்தக் கதையில் சொல்லப்போவதில்லை.

6

இனிமேல் தப்பு.

நான் போட்ட திட்டம் நல்ல திட்டம், தற்பெருமையாகவே சொல்கிறேன். எல்லாப் பக்கத்துக்கும் ஜனங்கள் பேசுகிற பேச்சிலேயே பெயர். ‘தராசு கெட்டுப்போனா’, ‘சாக்கு பத்தலைன்னா’. அழகுமலைக்கு மேலே கீழே என்று ஒரு வழி, ஞானவேலுக்குப் பூசம் என்று ஒரு வழி. முகப்பில் ஒரு பொத்தானும் வரைந்திருந்தேன்: ‘கிடைக்கலையா? வடிவுக்காவைக் கூப்பிடுங்க.’ குமாரவேல் அதை மட்டும் எடுக்கச் சொன்னார். அது இருந்தால் எல்லோரும் அதைத்தான் அமுக்குவார்கள் என்றார். உண்மைதான். எடுத்தேன். அதோடு ஒரு சுற்றறிக்கையும் தயார் செய்தார்: முதலில் இணையதளத்தில் தேட வேண்டும், தேடியும் இல்லாவிட்டால் மட்டுமே ஆபீசுக்குப் போன் செய்யலாம்.

அந்த ‘மட்டுமே’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் கெட்டேன். தேடியும் இல்லாத சில விஷயங்கள் இருந்தால்?

ஒரு பக்கத்தை ஒளிக்க அதைப் பூட்ட வேண்டியதே இல்லை. பெயரை மாற்றினால் போதும். ஐந்து பக்கங்களைத் தேர்ந்தெடுத்தேன். அதில் ஒன்று, லாரி வழியில் நின்றால் யார் யாரைக் கூப்பிடுவது என்கிற பக்கம். அதற்கு ‘போக்குவரத்து இடைநிறுத்த மாற்று நெறிமுறை’ என்று பெயர் வைத்து, நிர்வாகம் என்பதற்குள் இதர என்பதற்குள் பொது என்பதற்குள் போட்டேன். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தேன்? முதல் நாள் அந்த அழைப்புக்குப் பிறகு வடிவுக்கா முகம் இருந்த இருப்புக்காகத்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது அந்த முகம் அவருக்குக் கிடைக்கட்டும் என்று நினைத்தேன்.

[இந்த இடத்தில் என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டுகிற இரண்டு வரிகள் இருந்தன. எடுத்துவிட்டேன்.]

7

இணையதளம் மாசியில் திறந்தது. சித்திரைக்குள் ஆபீஸ் போன் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு என்று குறைந்தது. வடிவுக்காவின் வேலை போகவில்லை. இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் ஏமாற்றம். வேலை போயிருந்தால் கதைக்கு வசதி. குமாரவேல் அவரைப் பழைய கோப்புகளைச் சரிபார்க்கச் சொன்னார். சம்பளத்தையும் குறைக்கவில்லை. ஒரு நாள் ஏதோ வேலையாகப் போனபோது, அவர் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து டயல் டோன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தூசி துடைத்துக்கொண்டிருந்த மாதிரி பாவனை செய்து வைத்தார்.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் கண்ணைக் காட்ட திண்டுக்கல் போனார். கண்ணில் மருந்து விட்டு, செல்போனை அணைக்கச் சொல்லி, நாலு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்து மதியம் ஒரு மணிக்குக் கவுஞ்சி லாரி நின்றது. கொட்டகையில் நாற்பத்திரண்டு மூட்டை பீன்ஸ்.

அழகுமலை சுற்றறிக்கையை மதிக்கிற ஆள். செல்போனை எடுத்துத் தேடினார். வண்டி நின்னுபோச்சு என்று போட்டார், லாரி ரிப்பேர் என்று போட்டார், வேற வண்டி என்று போட்டார். எதிலும் வரவில்லை. ஆபீசுக்கு அடித்தார், யாரும் எடுக்கவில்லை. குமாரவேல் சென்னையில். அவராகவே அங்கே இங்கே விசாரித்து வண்டி பிடித்தபோது மறுநாள் காலை பத்து மணி. மழை வேறு பெய்திருந்தது. மூட்டைக்குள் பீன்ஸ் வெந்துபோய், பழனியில் ஞானவேல் முப்பது மூட்டையைத் திருப்பிவிட்டார். மேலே தோட்டக்காரர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அதைச் சொல்ல வேண்டியது அழகுமலை தலையில் விழுந்தது. ஒரு அம்மாள் திரும்பி வந்த தன் மூன்று மூட்டையையும் முதுகிலேயே தூக்கிக்கொண்டுபோய் மாட்டுக்குக் கொட்டினாராம், யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். அதுதான் தாங்க முடியவில்லை என்று அழகுமலை பிறகு சொன்னார்.

8

வியாழக்கிழமை காலை வடிவுக்கா என்னை ஆபீசுக்கு வரச் சொன்னார். கண் இன்னும் சிவந்திருந்தது. கம்ப்யூட்டரில் இணையதளம் திறந்திருந்தது. முன்னால் ஒரு துண்டுத்தாளில் ஐந்து வரிகள் எழுதியிருந்தார். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

“மத்ததெல்லாம் நாங்க பேசுற பேச்சுல இருக்கு. இந்த அஞ்சு மட்டும் கெவருமெண்ட் தமிழ்ல எங்கயோ மூலைல கெடக்கு. தெரியாம நடந்ததா பிரியா?”

அதுவரை அவர் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். இல்லைக்கா, தெரிந்தேதான் செய்தேன் என்றேன். எனக்காகவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதேன்.

அவர் அழவில்லை. கோபமாக இருந்தார். அவ்வளவு கோபத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை. குரல் மட்டும் தணிந்தே இருந்தது.

“என்னைய ஒருத்தர் கூப்பிடணும்னா மேல ஒருத்தருக்கு ஏதாச்சும் தொலையணுமா? அப்படியாப்பட்ட போன் எனக்கு வேணாம். அடிக்காமயே கெடக்கட்டும்.”

துண்டுத்தாளை என் பக்கம் தள்ளினார்.

“முதலாளிகிட்ட நான் சொல்லல. சொன்னா உங்க சோலி போயிரும். அழகுமலைகிட்ட நீங்களே சொல்லணும். மொதல்ல இதை வெரசா மாத்துங்க, இல்லைன்னா அடுத்த வண்டி நின்னாலும் அவரு தேடிக்கிட்டுத்தான் இருப்பாரு.”

அவர் மேஜையிலேயே உட்கார்ந்து மாற்றினேன். இருபது நிமிட வேலை. பெயர்களை அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ‘வண்டி நின்னுபோனா’ என்பது அவர் வைத்த பெயர். அதற்குக் கீழே யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற பட்டியலில், எந்த ஆளை எப்படிக் கேட்டால் உடனே வருவார் என்பதையும் சேர்க்கச் சொன்னார். இன்னாரிடம் மகள் படிப்பை விசாரித்துவிட்டு ஆரம்பிக்கவும். இன்னாரைக் கொஞ்சம் அதட்டவும். அவரிடம் மட்டும் இருந்தது என்று ஏதாவது மிச்சம் இருந்ததென்றால், அதையும் அவரே எடுத்து வெளியே வைத்துவிட்டார். அந்த இருபது நிமிடமும் போன் அடிக்கவில்லை.

அன்றைக்கே கவுஞ்சிக்கு பஸ் ஏறிப்போய் அழகுமலையிடம் சொன்னேன். அவர் என்னை வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்க நல்லதுக்குத்தான் நெனச்சிருப்பீங்க என்று சொல்லிவிட்டு, சாக்குக் கணக்குப் பார்க்கப் போய்விட்டார்.

9

முடிவு.

முதல் முடிவில், ஊழியர்கள் எல்லோரும் சேர்ந்து சுற்றறிக்கையை மீறி வடிவுக்காவுக்குப் போன் போட ஆரம்பிக்கிறார்கள். சங்கிலி மாதிரி, அறுபது பேரும். எழுதி முடித்து இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். பிறகு அது பொய் என்று தெரிந்தது. ஜனங்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்குச் சோலி இருக்கிறது. முருகேஸ்வரி இப்போது லீவ் பேலன்சை செல்போனிலேயே பார்த்துக்கொள்கிறாள். சண்டை போட்ட அன்றைக்கும் அதையே பார்ப்பாளோ என்னவோ.

இரண்டாவது முடிவில் வடிவுக்கா வத்தலக்குண்டுக்குப் போய் அண்ணன் வாசலில்—

இல்லை. அந்த அண்ணனை எனக்குத் தெரியாது. தெரியாத ஆளை வைத்து ஒருவர் தனிமையைத் தீர்க்கக் கூடாது.

மூன்றாவது முடிவு எழுதாதது. ஆவணியில் என் ஒப்பந்தம் முடிந்தது. வடிவுக்காவின் எண் என்னிடம் இருக்கிறது. மூன்று மாதமாக அதை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். கூப்பிட வேண்டும் என்றால் ஏதாவது கேட்பதற்கு வேண்டுமே என்று தேடுகிறேன். பாருங்கள், அவர் திட்டியதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை; இன்னும் எதையாவது தொலைத்துவிட்டுத்தான் அவரைக் கூப்பிடப் பார்க்கிறேன். ‘சும்மாதான் கூப்பிட்டேன்’ என்று உலகத்தில் எல்லோரும் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அது வாயில் வராது. வந்திருந்தால் இந்தக் கதைக்கு அவசியமே இருந்திருக்காது.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மதியம் இரண்டரை மணி. மேலே உள்ள பத்தியை எழுதிவிட்டு எண்ணை அழுத்திவிட்டேன். மணி போகிறது. ஸ்பீக்கரில் போட்டு, போனை மேஜையில் வைத்துவிட்டு இந்த வரியை எழுதுகிறேன். நான்காவது தடவை. ஐந்தாவது தடவை. வைத்துவிடலாமா என்று—

எடுத்துவிட்டார். குரல் கரகரவென்று இருக்கிறது.

“சொல்லுங்க பிரியா. என்ன வேணும்?”

மீதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பேசிக்கொண்டே எழுத எனக்கு வராது.